19 பைட்டுக்கு அப்புறம்

பெருங்குடியில் வேலை பார்த்த காலம். ஒரு வாடிக்கையாளரின் லினக்ஸ் சர்வரில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுபடங்கள் ஒரே டைரக்டரியில் குவிந்து டிஸ்க்கை நிரப்பிக் கிடந்தன. அவற்றை நீக்க வேண்டும். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையை அடித்துவிட்டுக் கீழே போய் டீ குடித்து வந்தேன். திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. நீக்கும் கட்டளையான ‘ஆர்எம்’முக்கு, ‘எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி கொடுத்தால், பட்டியல் ரொம்ப நீளம் என்று, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் கையை விரித்தது.

எல்எஸ் செத்துக் கிடக்கிறதோ என்று, இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் ஒரு நிரல் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டு, டைரக்டரியில் உள்ள பெயர்களைக் கேட்கும் கெட்டென்ட்ஸ்64 என்ற சிஸ்டம் காலை (கர்னலுக்கு விடும் அழைப்பை) மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். வரிக்கு வரி, வந்த பைட் கணக்கு 32760, 32760 என்று ஓடிக்கொண்டிருந்தது. எல்எஸ் நீட்டும் பஃபர் (வாங்கி வைக்கும் இடம்) 32768 பைட். எங்கள் படப்பெயருக்கு 16 எழுத்து, ஒரு பெயருக்கான பதிவுக்கு 40 பைட். ஆக ஒரு தடவைக்கு 819 பெயர். கர்னல் சுணங்காமல் அள்ளிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் வந்து சேர்ந்து, வரிசைப்படுத்திய பிறகுதான் வாயைத் திறப்பேன் என்று அடம்பிடித்தது எல்எஸ்.

சரி, இடைத்தரகரே வேண்டாம் என்று சி மொழியில் நேராக அந்த சிஸ்டம் காலை அழைத்தேன். (தேடி நீக்கும் ஃபைண்ட் கட்டளையே போதும் என்று இன்று சொல்வேன். அன்று வயசு அப்படி.) பதிவு கச்சிதமானது: ஐநோடு எண் (கோப்பின் அடையாள எண்) 8 பைட், தொடரும் இடம் 8, பதிவின் நீளம் 2, கோப்பின் வகை 1. 19 பைட்டுக்கு அப்புறம் பெயர், அதன் முடிவில் ஒரு பூஜ்ய பைட். மொத்தத்தை 8-இன் மடங்காக்க மிச்சத்துக்கு நிரப்பு. அடுத்த பதிவுக்கு அந்த நீளத்தைக் கூட்டித் தாவ வேண்டும்.

வகை 8 என்றால் சாதாரணக் கோப்பு. அதை மட்டும் நீக்கு என்று எழுதினேன். என் மெஷினில், இஎக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டத்தில் (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கும் முறை), ஜோராக ஓடியது. சர்வரில் சில நொடிகளில் முடிந்தது. பிழை ஏதும் இல்லை. “முடிஞ்சுது சார்” என்று போனில் சொல்லியும்விட்டேன். டிஸ்க் மட்டும் அப்படியே நிரம்பியிருந்தது.

பக்கத்து சீட் சீனியர் எட்டிப் பார்த்தார். “மேன் பேஜை முழுசா படிச்சியாப்பா?”

அந்த சிஸ்டம் காலின் கையேட்டுப் பக்கத்தைப் பாதிதான் படித்திருந்தேன். எல்லா ஃபைல்சிஸ்டமும் வகையைச் சொல்லாது. தெரியாவிட்டால் 0 வரும். அங்கிருந்தது வகையைப் பதிவில் வைக்காத பழைய எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம். 40 லட்சத்தையும் என் நிரல் பார்த்துப் பார்த்து ஒதுக்கியிருக்கிறது.

0 வந்தால், கோப்பின் விவரம் தரும் எஃப்ஸ்டாட்அட்டை அழைத்துக் கேட்டுக்கொள் என்று இரண்டு வரி சேர்த்தேன். டிஸ்க் கணக்கு இறங்கத் தொடங்கியபோது வேளச்சேரிக்குக் கடைசி ரயில் போய்விட்டிருந்தது.