எர்த் ஒயரில் தொலைந்த ஒரு வோல்ட்

மாமனாரின் மாருதி 800 உவரியில் கடலுக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி. கொஞ்ச நாளாகவே காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றியது. ராத்திரி ஓட்டினால் ஹெட்லைட் மங்கல். பேட்டரியைப் புதிதாக மாற்றியும் அது சரியாகவில்லை. "டைனமோ போயிட்டுன்னு சொல்லுதாவ மாப்பிள, நீங்க ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் மாத்திக்கிடுவோம்" என்றார்.

எனக்கு முதலில் உறுத்தியது மீட்டர் போர்டில் உள்ள பேட்டரி லைட்தான். சாவியைத் திருப்பினால் எரிகிறது, இன்ஜின் ஓடியதும் முழுதாக அணைகிறது. அவர் டைனமோ என்று சொன்னது ஆல்டர்னேட்டரை, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது அதுதான். ஆல்டர்னேட்டர் செத்திருந்தால் இந்த லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குள் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோடு ஒன்றிரண்டு போயிருந்தால் மினுக்கு மினுக்கு என்றாவது தெரியும். பெல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது.

சரி, அளந்து பார்த்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 12.2 வோல்ட். முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 காட்ட வேண்டும், ஆக இது பாதி வயிறுதான். ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டுவிட்டு இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கிப் பிடித்தபோது பேட்டரி முனைகளில் 12.9. இது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டிய இடம். பெரும்பாலோர் இந்த அளவை மட்டும் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள்.

நான் அடுத்து மீட்டரின் சிவப்பு ஊசியை ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வரும் பி முனையிலும், கறுப்பை அதன் உடம்பிலும் வைத்தேன். 14.1! ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இடத்தில் பார்த்ததில் 0.04 வோல்ட்தான். டயோடு போயிருந்தால் அரை வோல்ட்டைத் தாண்டியிருக்கும். அப்படியென்றால் நடுவில் எங்கோ ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது.

பி முனைக்கும் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் இடையே 0.15 வோல்ட், அது பரவாயில்லை. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே 1.05. இந்தப் பக்கம் 0.2-க்குள் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தால் அதே இடத்தில் 3 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. இன்ஜின் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் வழிதான் எர்த். செல்ஃப் மோட்டாரின் கரண்டும் இதே எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அதனால்தான் இழுத்துச் சுற்றியிருக்கிறது. பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் மேலும் விழுந்த பழி உண்மையில் ஒரு ஒயரைச் சேர்ந்தது.

ஆல்டர்னேட்டரால் ஏன் இதை ஈடுகட்ட முடியவில்லை? வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது, தன் உடம்பை எர்த்தாக வைத்துத்தான் வோல்ட்டைப் பார்க்கிறது. அதன் கணக்கில் 14 வந்துவிட்டது, அதோடு நிறுத்திக்கொள்கிறது. பேட்டரிக்குப் போய்ச் சேர்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

பேட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் தடி ஒயரைத் தேடினேன். கியர்பாக்ஸ் மேல் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் ஆயிலோடு சேர்ந்து செந்நிறப் பசையாக அப்பிக் கிடந்தது. அதைச் சுரண்டியபின் போல்ட் தெரிந்தது. ஒயர் நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையமான லக்கு வெளியே பார்க்க முழுசாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் ஒரு விரல் நீளம் கீறினேன். உள்ளே செம்பு இழைகள் பச்சையாகப் பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. நாலைந்து இழைதான் லக்கில் பிடித்துக்கொண்டிருந்தது. உப்புக்காற்று லக்கு வாய் வழியாக ஏறி, உறைக்குள்ளேயே தின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்லவே முடியாது, மீட்டர்தான் காட்டிக்கொடுக்கும்.

வண்ணார்பேட்டையில் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வாங்கி, இரண்டு முனையிலும் லக்கு வைத்து அழுத்திக் கொண்டுவந்தேன். லக்கு வாயில் காற்றுப் புகாதபடி பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போட்டிருக்கிறது, கடலோர வண்டிக்கு இது கட்டாயம். கியர்பாக்ஸில் லக்கு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கியபின் மேலே கிரீஸ் பூசினேன்.

அப்புறம் அதே லைட், அதே புளோயர். எர்த் பக்கம் 0.05, பேட்டரியில் 13.9. செல்ஃப் தொட்டதும் எடுக்கிறது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி, 'வண்டி நிற்காவிட்டால் டைனமோ நல்லது' என்று பார்க்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கழற்றுகிற நொடியில் வோல்ட் எகிறி ரெகுலேட்டரையும், இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவையும் காலி செய்யக்கூடும்.

பாடிக்குப் போகிற சின்ன எர்த் ஒயர் இன்னும் பழசுதான். இப்போது நல்ல அளவு காட்டினாலும் அதே உப்புக்காற்றில் இருந்தது என்பதால், அதையும் மாற்றிவிட்டு அளவை எழுதுகிறேன்.