72 மணி நேரத்துக்குள் ஒரு வருகை அட்டை

இந்தியா 2025 ஒக்டோபர் 1 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இணையவழி வருகை அட்டையை நடைமுறைப்படுத்தியதிலிருந்து, இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் திருச்சிக்குப் புறப்படும் முதியவர்கள் விமானச்சீட்டு எடுத்த கையோடு என்னிடம் வருகிறார்கள். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போய், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய உடன்பிறப்புகளைப் பார்க்கப் போகிறவர்களே இவர்களில் அநேகர். தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவர் என்பதால் எனக்கு எல்லாப் படிவமும் தெரியும் என்பது அவர்களது நம்பிக்கை.

இந்த அட்டைக்குக் கட்டணம் இல்லை. ஆவணம் எதையும் பதிவேற்றவும் வேண்டாம். இது விசா அன்று, விசாவைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். இந்தியாவில் இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பதால், கெட்டிக்காரப் பேரப்பிள்ளைகள் ஒரு மாதம் முன்னதாகவே முடித்துவைக்க நினைத்தாலும் முடியாது. விவரம் கையில் இருப்பவருக்குச் சில நிமிட வேலைதான். ஆனால் அந்த விவரங்களை ஒரு முதியவரிடமிருந்து கேட்டறிவதற்கே ஒரு மாலைப் பொழுது போய்விடும். ஆகவே இணையத்தளத்தைத் திறக்கும் முன்பே, ஒரு பயிற்சிக் கொப்பியில் கேள்விகளையும் விடைகளையும் எழுதி முடித்துவிடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். எங்கள் பள்ளத்தாக்கில் கோவிலடிக்குப் போனால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும்; அங்கே குளிரில் நின்றுகொண்டு தங்கச்சியின் முகவரியைத் தேட இயலாது.

கோத்தகிரியில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு பெரியம்மாவின் கதையைச் சொன்னால் போதும். வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்று, கடவுச்சீட்டில் தந்தையின் பெயரோடு ஆங்கிலத்தில் அச்சான பெயர் இன்னொன்று. பிறந்த தேதியும் அப்படித்தான்: கடவுச்சீட்டில் இருப்பது தன் உண்மையான பிறந்தநாள் அல்ல என்று அவர் வாதாடினார். அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். தோட்டங்களில் அந்தக் காலத்தில் பிறப்பைப் பதியப் பிந்தியதும், அனுமான வயதைக் கொண்டு பிற்காலத்தில் சான்றிதழ் எடுத்ததும் பலர் வீட்டில் நடந்தவை. இருந்தும் குடிவரவு அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பது கடவுச்சீட்டோடு மட்டுமே என்பதால், அதிலுள்ள எழுத்துக்கூட்டலையும் தேதியையும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பார்த்து எழுத வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். கடவுச்சீட்டு எண்ணின் தொடக்கத்தில் வரும் ஆங்கில எழுத்தும் எண்ணில் சேர்த்தி. பலர் இலக்கங்களை மட்டுமே வாசித்துக் காட்டுகிறார்கள்.

இந்தியாவில் தங்கும் முகவரியைக் கேட்டபோது, தங்கச்சி வீட்டுப் பிள்ளையின் கலியாணப் பத்திரிகையை ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். முகவரி முழுமையாகவே இருந்தது, ஆனால் மூலையில் தடவிய மஞ்சள் பின்கோட்டின் கடைசி இலக்கத்தின் மேல் அப்பியிருந்தது. ஹட்டனுக்கு 22000 என்று ஐந்து இலக்கம் எழுதிப் பழகிய நமக்கு, இந்தியப் பின்கோடு ஆறு இலக்கம் என்பது உடனே நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பிள்ளைக்கே வாட்ஸ்அப்பில் அழைத்து, இலக்கத்தையும் அங்குள்ள தொலைபேசி எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

கடந்த ஆறு நாட்களில் எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள் என்ற கேள்வியைத் தமிழில் சொன்னதும், "கதிர்காமந்தான் போனேன் டீச்சர், வேற எங்கயும் போகல" என்றார். சிரித்துவிட்டாலும், கேள்வி எதைக் கேட்கிறது என்பதை விளக்கி, அவர் வாயால் பதில் வந்த பிறகே எழுதினேன்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. படிவத்தை நிரப்புவது என் கை என்றாலும், உறுதிமொழி பயணியுடையது. மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போன ஒரு மாமாவுக்கு அந்நாட்டின் வருகை அட்டையை நிரப்பியபோது, காய்ச்சல், இருமல் இருக்கிறதா என்று சுகாதாரக் கேள்வி வந்தது. பக்கத்தில் நின்ற மகன், எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடும்படி அவசரப்படுத்தினார். மாமாவோ, பனிக்காலத்தில் இருமல் வரும், இன்றைக்கு இல்லை என்று நிதானமாகச் சொன்னார். அந்தப் பதிலைப் பெற அரை நிமிடம்கூட ஆகவில்லை. முதியவர் முன்னால் இருக்கும்போது அவரைத் தாண்டிப் பிள்ளைகளிடம் கேட்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

சிங்கப்பூர் அட்டையும் இலவசம்தான். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமான மலேசிய அட்டைக்கும் மூன்று நாள் கணக்குத்தான். இந்த மாமாவின் வீட்டார் என்னிடம் வருவதற்கு முன், தேடலில் முதலில் வந்த ஏதோவொரு தளத்தில் எல்லாவற்றையும் நிரப்பி, டொலரில் பணம் கேட்டதும் தயங்கி நின்றிருக்கிறார்கள். அரசாங்கத் தளம் இந்தியாவுக்கு 'கவ் டொட் இன்' என்றும், சிங்கப்பூருக்கு 'கவ் டொட் எஸ்ஜி' என்றும் முடியும். வங்கி அட்டை கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மின்னஞ்சல் முகவரிக்கு என்னுடையதைக் கொடுப்பதில்லை. உறுதிப்படுத்தும் தகவல் அங்கேதான் வரும் என்பதால், கூடப் பயணிப்பவர் அல்லது வழியனுப்பும் பிள்ளை ஒருவரின் முகவரியைக் கேட்கிறேன். கைத்தொலைபேசி எண்ணில் முன்னாலுள்ள பூச்சியத்தை விட்டு, இலங்கைக்கான 94 என்ற குறியீட்டைச் சேர்க்க வேண்டும். முடிந்ததும் டவுனில் உள்ள கொமினிகேஷன் கடையில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடவுச்சீட்டுக்குள்ளும் மற்றதைக் கைப்பையிலும் வைக்கச் சொல்கிறேன். தொலைபேசியில் இருக்கிறது என்றால் இளையவர்களுக்குப் போதும். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவு முழுக்க வேனில் போய் இறங்கும் எழுபது வயதுக்காரருக்குக் காகிதம் கையில் இருந்தால்தான் நிம்மதி.

72 மணி நேரம் திறந்த முதல் மாலையிலேயே முடித்துவிடுவதும் என் வழக்கம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகப் பாதைகள் மண்சரிந்து அடைபட்டபோது, அப்படி முன்கூட்டி நிரப்பிய ஓர் அட்டை வீணானது. பயணி தோட்டத்தை விட்டு வெளியேற முடியாமல் விமானச்சீட்டை வேறொரு நாளுக்கு மாற்றினார். எங்கள் பக்கம் மின்சாரமும் இணையமும் சீராகாததால், தொலைபேசி இணைப்பு திரும்பியதும் கொப்பியில் இருந்த விடைகளைக் கொழும்பிலுள்ள அவருடைய பேரனுக்கு வரிசையாக வாசித்தேன். பயணத் தேதியையும் விமான எண்ணையும் மட்டும் புதிய சீட்டைப் பார்த்து மாற்றி, அட்டையை அவனே மீண்டும் அனுப்பினான்.