வந்துபோகும் டிசைனர்கள், இருந்துவிடும் ஊர்: ஹேல் கவுண்டி வேலைக் குறிப்புகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பருத்தி விளைந்த கரிசல் நிலப்பட்டையில் இருக்கிறது ஹேல் கவுண்டி. மக்கள்தொகை 15,000-ஐ ஒட்டி நிற்கும். கவுண்டியின் தலைமை ஊரான கிரீன்ஸ்பரோவில் ஏறத்தாழ 2,200 பேர். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் நியூபர்னில் 200 பேர்கூடத் தேறமாட்டார்கள். பருத்தி போய்க் கெளுத்தி மீன் பண்ணைகள் வந்தன. வேலை அவ்வளவாக வரவில்லை. ஆனால் 30 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊர்களுக்கு இளம் கட்டடக்கலை மாணவர்களும் கிராஃபிக் டிசைனர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். தன்னார்வ வடிவமைப்பு வேலையில் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துகொள்ள இவ்வளவு நீண்ட பதிவு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

தொடக்கம் 1993. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் ரூரல் ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். மாணவர்கள் நியூபர்ன் பக்கம் வந்து தங்கி, வரைந்ததைத் தாங்களே கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வீடு வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பூசியது. பிறகு பழைய டயர்களில் மண் அடைத்து ஒரு சிற்றாலயம், மேசன்ஸ் பெண்ட் என்ற சிற்றூரில் 80 கார் கண்ணாடிகளைக் கூரையாக்கிய சமுதாயக்கூடம், 72,000 கார்ப்பெட் துண்டுகளை அடுக்கி எழுப்பிய சுவர் கொண்ட வீடு. மாக்பீ 2001 டிசம்பரில் இறந்தார். அதன்பின் ஆண்ட்ரூ ஃப்ரியரின் பொறுப்பில் வேலையின் சுவை மாறியது. முன்பு கிடைத்த பொருளிலிருந்து கட்டடம் பிறந்தது. பிறகு ஊரின் தேவையிலிருந்து. இந்த மாற்றத்தைப் பலர் துணிச்சல் குறைந்ததாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அதுதான் துணிச்சல்.

காரணம் எளிது. ஒரு குறிப்பிட்ட செவர்லே மாடலின் முன்கண்ணாடியில் கூரை போட்டால், பத்து ஆண்டு கழித்து ஒன்று உடையும்போது அதே வளைவுள்ள கண்ணாடிக்குப் பழைய இரும்புக்கடை தேட வேண்டும். அந்தத் தேடலைச் செய்யப்போவது வரைந்த மாணவர் இல்லை. சந்தையில் எப்போதும் கிடைக்கும் தகரத்தில் போட்டால் டஸ்கலூசா நகரத்துக் கடையில் ஒரு ஷீட் வாங்கி, ஊர்க்காரரே ஸ்க்ரூ முடுக்கிவிடுவார். அந்தக் கடைக்குப் போவதற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மறந்துபோன ஒரு பெட்டி ஆணிக்கு அரை நாள் போய்விடும். அதனால் வாரத்துக்கு ஒரே பொருள் பட்டியல், அதில் 10 சதவீதம் கூடுதல் என்பது இங்கே சிக்கனம்தான்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர் டிசைனர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். இது சுண்ணப் பாறைமேல் படிந்த களிமண். மழையில் உப்பும், ஆகஸ்ட் வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மெல்லிய கான்கிரீட் தளம் போட்டால் இரண்டு மூன்று பருவங்களில் விரிசல் ஓடும். வீட்டைத் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தினால் ஒரு மூலை இறங்கினாலும் ஜாக்கி வைத்துத் தூக்கித் தகடு செருகிச் சரிசெய்யலாம். அடியில் காற்றோடும், கரையான் ஏறும் தடமும் கண்ணுக்குத் தெரியும். பழைய வீடுகள் எல்லாம் இப்படித்தான் நிற்கின்றன. வெறும் பெயர்ப்பலகைக் கம்பத்துக்கும் இதே கதைதான்: எட்டடிக் கம்பமானால் இரண்டு அடிக்குக் குறையாமல் குழி, அடியில் நான்கு அங்குல ஜல்லி, மேலே கான்கிரீட்டைத் தரைக்கு மேல் சரிவாக முடிக்க வேண்டும். தரைமட்டத்தில் கிண்ணம்போல் விட்டால் தண்ணீர் தேங்கிக் கம்பம் அந்த இடத்திலேயே அழுகும்.

தரையைத் தொடும் மரத்துக்குச் செம்பு மருந்து ஏற்றிய பலகை வாங்குவார்கள்; அது சரி. அதில் சாதாரண இரும்பு ஸ்க்ரூவை முடுக்குவது தவறு. செம்பு அந்த இரும்பைச் சில ஆண்டுகளிலேயே தின்றுவிடும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்தது அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தாங்கும். அதே பலகைமேல் அலுமினியம் கலந்த பூச்சுள்ள தகரத்தை நேரே படுக்க வைத்தாலும் அரிக்கும். இடையில் ஒரு பட்டை வேண்டும். தகரக் கூரை ஸ்க்ரூவில் ரப்பர் வாஷர் இருக்கிறதே, அதை டிரில் மெஷினால் நசுங்கும்வரை முடுக்குவது புதியவர்களின் வழக்கமான தப்பு. வாஷர் விளிம்பு லேசாகப் பிதுங்கினால் போதும். அதற்கு மேல் போனால் ரப்பர் வெடித்து, முதல் கோடையிலேயே ஒழுகும். ஒழுங்காக முடுக்கியதும் பத்துப் பதினைந்து ஆண்டில் காய்ந்துவிடும் என்பதால், வாஷர் மாற்றும் ஆண்டைக் குறித்த ஒரு தாள் வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும்.

2005-இல் ரூரல் ஸ்டுடியோ தொடங்கிய 20கே வீடு இந்தக் கணக்குகளை எல்லாம் ஒரே எண்ணுக்குள் அடக்கப் பார்த்தது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் மட்டுமே வருமானமாக உள்ள ஒருவர், அமெரிக்க வேளாண் துறையின் கிராமப்புற வீட்டுக்கடனில் மாதம் 100 டாலர் அளவுக்குக் கட்ட முடியும் என்றால் எவ்வளவு கடன் வாங்கலாம்? ஏறத்தாழ 20,000 டாலர். அதில் பொருளுக்கு 12,000, கூலிக்கும் ஒப்பந்தக்காரர் லாபத்துக்கும் 8,000 என்று பிரித்தார்கள். போட்டி வேறு கட்டடக் கலைஞரோடு இல்லை. லாரியில் இழுத்துவந்து இறக்கும் டிரெய்லர் வீட்டோடு. டிரெய்லர் கார்போல ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிழக்கும். வீடு அப்படி இழக்காது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவர் குழு முந்தைய ஆண்டின் வீட்டை எடுத்துத் திருத்தியது. முன்திண்ணை, எதிரெதிர் ஜன்னல், உயரமான கூரை, தூண்மேல் தளம். புதுமை என்று காட்ட இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனாலேயே உள்ளூர்க் கொத்தனார் கட்ட முடிகிறது.

சிக்கல் வடிவமைப்பில் வரவில்லை, பக்கத்து மேசைகளில் வந்தது. இவ்வளவு சிறிய கடனுக்கு வங்கிக்கும் அதே அளவு தாள் வேலை, லாபமோ சொற்பம். அப்புறம் கழிவுநீர். இந்தக் களிமண் தண்ணீரைக் குடிக்காது. உறிஞ்சும் சோதனையில் தேறாத மனையில் சாதாரண செப்டிக் டேங்க் போட அனுமதி கிடையாது. மண்மேடு எழுப்பி வடிகட்டும் அமைப்பு போட்டால் அதன் செலவே வீட்டு விலையைத் தொட்டுவிடும். அதனால்தான் கரிசல் பட்டையில் குழாயை நேரே பள்ளத்தில் விட்டிருக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. மனை பார்க்கப் போகும் முதல் நாளே மண்வெட்டியும் சுகாதாரத் துறையின் படிவமும் கூடப் போக வேண்டும். படம் வரைந்த பிறகு போனால் வரைந்தது வீண்.

மூன்றாவது, பத்திரம். கறுப்பினக் குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் உயில் இல்லாமல் மூன்று நான்கு தலைமுறை இறங்கி வந்திருக்கும். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் வரை பங்குதாரர்கள். நம்மூர்க் கூட்டுப்பட்டாத் தகராறு தெரிந்தவர்களுக்கு மேலே விளக்கவே வேண்டாம். பத்திரம் தெளிவில்லையென்றால் கடனில் கைவைக்க முடியாது. 62 வயதைத் தாண்டிய ஏழை வீட்டுக்காரருக்குப் பழுதுபார்க்க வேளாண் துறை மானியம் தருகிறது. அதற்கும் வீடு அவருடையது என்று காட்ட வேண்டும். இந்த இடத்தில் ஒரு டிசைனர் குழுவுக்கு கணினியில் வரைந்த நல்ல மாதிரிப் படத்தைவிட ஒரு நாள் ஒதுக்கும் சொத்து வழக்கறிஞர் பெரிய வரம்.

கிராஃபிக் டிசைனர்கள் பக்கம் வருவோம். ஜான் பீலன்பெர்க் 2003-இல் இளம் டிசைனர்களுக்காகத் தொடங்கிய பிராஜெக்ட் எம் என்ற திட்டம், மாக்பீயின் வேலையால் உந்தப்பட்டது. ஆனால் கால அளவு வேறு: ரூரல் ஸ்டுடியோவின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பட்டம் வாங்கிய பிறகும் கட்டடம் முடியும்வரை தங்குவார்கள், பிராஜெக்ட் எம்மில் சில வாரங்கள்தான். சில வாரத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு 2007-இல் நடந்த குடிநீர் மீட்டர் வேலை நல்ல பதில். அப்போது ஹேல் கவுண்டியில் நான்கில் ஒரு வீட்டுக்குக் குழாய்நீர் இணைப்பு இல்லை. மீட்டர் இணைப்புக்கு 425 டாலர். செய்தித்தாள் வடிவில் அச்சிட்டு, ஒரு மீட்டர் வாங்கித் தாருங்கள் என்று நேராகக் கேட்டார்கள். ஒரு பொருள், ஒரு விலை, ஒரு பயனாளி. பணத்தைக் கையாண்டது கிரீன்ஸ்பரோவிலேயே இருக்கும் ஹீரோ என்ற வீட்டுவசதித் தொண்டு நிறுவனம். டிசைனர்கள் கிளம்பியதோடு வேலை நிற்கவில்லை. இதுபோன்ற முயற்சியில் கணக்கில் விட்டுப்போவது ஒன்று உண்டு: மீட்டர் சாலையோரத்தில் நிற்கும், அங்கிருந்து வீடுவரை பள்ளம் தோண்டிக் குழாய் போடுவது வீட்டுக்காரர் செலவு. வீடு சாலையிலிருந்து நூறு மீட்டர் உள்ளே என்றால் அந்தச் செலவையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

2009-இல் பிராஜெக்ட் எம் டிசைனர்கள் கிரீன்ஸ்பரோவில் தொடங்கிய பைலேப் இன்னும் சிக்கலான பாடம். பழம் வைத்துச் சுடும் 'பை' விற்கும் கடை. அதே மேசையில் கறுப்பரும் வெள்ளையரும் உட்கார்ந்து பேச ஓர் இடம். பிறகு மெயின் ஸ்ட்ரீட்டுக்கு மாறி, உணவக வடிவமைப்புக்கான ஜேம்ஸ் பியர்டு விருதின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. எண்ணம் அழகு. ஆனால் கடை என்பது தினசரி வேலை. சுகாதார ஆய்வாளர் பார்ப்பது மேசையின் அழகை இல்லை. மூன்று தொட்டி கழுவுமிடம், கை கழுவத் தனிக் குழாய், கொழுப்புப் பிடிப்பான், குளிர்பெட்டியின் வெப்பநிலை. ஒன்பது அங்குல 'பை' எட்டுத் துண்டு; இரண்டாம் நாள் அடிமாவு நமுத்துவிடும். அதிகாலையில் மாவு பிசைய ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். தொடங்கிய டிசைனர்கள் விலகிய பின் நடத்தும் பொறுப்பு ஹீரோவிடம் வந்து சேர்ந்தது. கடை தொடங்கும் யோசனை வந்தால், முதல் நாள் லோகோவுக்கு முன் இரண்டாம் ஆண்டுச் சம்பளப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். பாதி யோசனைகள் அங்கேயே மரியாதையாக விடைபெறும்.

இதற்கு மாறாக கிரீன்ஸ்பரோ லயன்ஸ் பார்க். நகரம், கவுண்டி, லயன்ஸ் கிளப் மூன்றுக்கும் உரிமை. ரூரல் ஸ்டுடியோ அதை ஆண்டுக்கு ஒரு குழுவாகக் கட்டியது: பேஸ்பால் மைதானங்கள், ஸ்கேட் பூங்கா, நன்கொடையாக வந்த ஏறத்தாழ 2,000 துத்தநாகப் பூச்சுப் பீப்பாய்களால் குழந்தைகள் விளையாடும் புதிர்ப்பாதை. ஒரு குழுவின் தப்பை அடுத்த குழு தினமும் பார்க்கிறது என்பதே இந்த முறையின் பலம். பூங்கா என்றால் எல்லோரும் நிழலையும் இருக்கையையும் வரைவார்கள். புல் வெட்டும் வண்டியை யாரும் வரையமாட்டார்கள். கம்பங்களுக்கு இடையே வண்டியின் வெட்டும் அகலத்துக்கு மேல் ஓர் அடியாவது விடவில்லையென்றால் மிச்சப் புல்லைக் கையால் வெட்ட வேண்டும். நகராட்சியில் அதற்கு ஆள் இல்லை, ஒரே மாதத்தில் புதர் மண்டும்.

கூட்டம் கூட்டுவதிலும் ஊர் ஒழுங்கு உண்டு. புதன் மாலை தேவாலயத்தில் பைபிள் வகுப்பு. அன்று கூட்டம் வைத்தால் நாற்காலிகள்தான் வரும். வெள்ளையர் தேவாலயமும் கறுப்பர் தேவாலயமும் பெரும்பாலும் வேறுவேறு, தென்மாநிலச் சிற்றூர்கள் பலவற்றில் பள்ளிகளும் நடைமுறையில் அப்படியே. ஒரே இடத்தில் நோட்டீஸ் ஒட்டினால் பாதி ஊருக்குச் சேதி போகாது. ஒரே செய்தியை இரண்டு போதகர்கள் வாயால் சொல்ல வைப்பது நல்லது. பெரியவர்களைப் பெயருக்கு முன் மிஸ், மிஸ்டர் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். வேலை நேரம் கோடையில் காலை ஆறு முதல் இரண்டுவரை. அதன்பின் இடிமழையோ வெக்கையோ, இரண்டில் ஒன்று நிச்சயம்.

ஒப்படைப்பில் கிராஃபிக் டிசைனர்கள் சொதப்பும் இடங்கள் சின்னவை, ஆனால் தவறாமல் நடப்பவை. இணையதளப் பெயரை ஒரு மாணவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவுசெய்திருப்பார். அவர் வேலை மாறியதும் புதுப்பிக்கும் கடிதம் எங்கோ போய், பெயர் காலாவதியாகும். நகராட்சி எழுத்தர் வேர்டில் வேலை செய்கிறார். அவரிடம் விலைகொடுத்து வாங்கிய எழுத்துருவில் செய்த இல்லஸ்ட்ரேட்டர் கோப்பைக் கொடுத்தால் தொலைபேசி எண் மாறும் நாளில் அந்த நோட்டீஸ் குப்பைக்குப் போகும். இலவச எழுத்துரு, வேர்டு கோப்பு, அச்சகத்துக்கு ஒரு பிடிஎஃப், நிறங்களின் பெயின்ட் கடைக் குறியீடு, எல்லாம் ஒரு பென்டிரைவிலும் ஒரு தாள் ஃபைலிலும். வெளிப்பலகைக்குச் சிவப்பு வேண்டாம். தென்முகம் பார்த்த பலகையில் முதலில் வெளுப்பது அதுதான்.

புகைப்படத்துக்கும் ஒரு நடைமுறை வைத்துக்கொள்ள வேண்டும். 1936-இல் வாக்கர் எவன்ஸ் இந்தக் கவுண்டியின் குத்தகை விவசாயிகளை எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. படத்தில் இருந்த குடும்பங்களில் சிலருக்கு அதனால் வந்த மனத்தாங்கல் பல பத்தாண்டுகள் நீடித்தது. வீட்டைப் படம் எடுக்குமுன் கேளுங்கள், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பழைய வீட்டின் ஓட்டைக் கூரையைப் புதியதன் பக்கத்தில் வைத்து வெளியிடும் எண்ணம் இருந்தால் அதையும் அந்தச் சம்மதத் தாளிலேயே சொல்லிவிடுங்கள். எட்டுக்குப் பத்து அங்குலத்தில் இரண்டு பிரதி போட்டு, இணையத்தில் ஏற்றும் முன்பே வீட்டில் கொடுத்துவிடலாம். அச்சுச் செலவு பட்ஜெட்டில் ஒரு வரி.