கணக்குக் கோப்பு திறக்கவில்லையா? ரிப்பேர் பட்டன் கொஞ்சம் பொறுக்கட்டும்

வரவு செலவு மென்பொருள் 'கோப்பைப் படிக்க முடியவில்லை' என்றதும் கை நேராக ரிப்பேர் பட்டனுக்குத்தான் போகும். பல மென்பொருள்களில் ரிப்பேர் அதே கோப்பின் மேலேயே எழுதும். பிழைத்திருந்த பதிவுகளும் அதில் போய்விடலாம். முதலில் மென்பொருளை மூடிவிட்டு, கோப்பு இருக்கும் ஃபோல்டரை முழுசாக வேறொரு டிரைவுக்கு காப்பி எடுங்கள். கோப்பை மட்டும் எடுத்தால் போதாது.

ஏன் என்றால், மணி மேனேஜர் ஈஎக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள்கள் எஸ்கியூலைட் (SQLite) என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில் எழுதுகின்றன. எழுதும்போது மின்சாரம் போனால், பக்கத்திலேயே 'ஜர்னல்' (-journal) அல்லது 'வால்' (-wal) என்று பெயர் முடியும் சின்னக் கோப்பு ஒன்று தங்கிவிடும். பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்யும் விவரம் அதில்தான் இருக்கிறது. குப்பை என்று அதை அழித்தால், தானாகச் சரியாகியிருக்கக்கூடிய கோப்பு நிஜமாகவே கெட்டுப்போகும்.

எடுத்த காப்பியில், எஸ்கியூலைட்டின் கட்டளைவரிக் கருவி (sqlite3) வழியாக 'இன்டெக்ரிட்டி செக்' (PRAGMA integrity_check) கட்டளையை ஓட்டுங்கள். 'ஓகே' என்று வந்தால் கோப்பின் கட்டமைப்பு சரி, சிக்கல் வேறெங்கோ. பிழைகள் கொட்டினால் அதே கருவியின் 'ரெகவர்' (.recover) கட்டளையால் புதுக் கோப்புக்கு மாற்றலாம். எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்று தெரியாத வரிகள் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற அட்டவணையில் விழும். அதையும் பாருங்கள்.

குனூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருள் வழக்கமாகத் தரவை எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் எழுதி, ஜிசிப் (gzip) முறையில் சுருக்கி வைக்கும். 0 பைட் என்றால் ரிப்பேர் செய்ய ஒன்றுமே இல்லை. அளவு இருந்தும் திறக்காவிட்டால் சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் 7-சிப் (7-Zip) மென்பொருளில் டெஸ்ட் கொடுங்கள். கோப்பின் கடைசிப் பகுதி அறுந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய பிரதி தேதி, நேரத்தோடு அதே ஃபோல்டரில் ஒதுங்கும். திறக்கிற கடைசிப் பிரதியைத் திறந்து, அதன் நேரத்திலிருந்து தொடங்கும் லாக் கோப்புகளை (பரிவர்த்தனை மாற்றங்களைக் குறித்து வைப்பவை) இம்போர்ட் மெனுவின் 'ரீப்ளே' வழியாக வரிசை மாறாமல் ஏற்றுங்கள். பரிவர்த்தனைகள் திரும்பி வரும். புதிதாகத் தொடங்கிய கணக்குகளும் திட்டமிட்ட பரிவர்த்தனைகளும் லாக்கில் பதிவாகாது, அவற்றைக் கையால்தான் போட வேண்டும்.

குனூகேஷில் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தால் அது கெட்டுப்போனதல்ல. முன்பு கிராஷ் ஆனபோது எல்சிகே (.LCK) என்ற பூட்டுக் கோப்பு மிஞ்சியிருக்கும். வேறு கணினியில் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு திறக்கலாம். இருப்பு மட்டும் உதைத்தால் அது பதிவுப் பிழையாக இருக்கலாம். குனூகேஷின் 'செக் அண்ட் ரிப்பேர்' அதற்குத்தான். சமன் ஆகாத தொகை 'இம்பேலன்ஸ்' கணக்கில் போய் உட்காரும்.

அடிக்கடி கெடுகிறது என்றால் கிளவுட் ஃபோல்டரைச் சந்தேகப்படுங்கள். மென்பொருள் திறந்திருக்கும்போதே ஒத்திசைவு நடந்தால் பாதி எழுதிய கோப்பு மேலே ஏறும். நடப்புக் கோப்பை உள்ளூர் டிரைவில் வைத்து, மூடிய பிறகு காப்பியை மட்டும் ஏற்றுங்கள்.

மீட்டதும் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் வங்கி அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பிறகு 'சேவ் ஆஸ்' போட்டுப் பழைய பெயரிலேயே சேமியுங்கள். குனூகேஷ் கடைசியாகத் திறந்த கோப்பையே மறுபடி திறக்கும். இதை விட்டால் நாளையிலிருந்து உங்கள் பதிவெல்லாம் பேக்கப் பிரதிக்குள் போய்க்கொண்டிருக்கும்.