ப்ரூஃபோர்ட் விலகாத யெஸ்: நான்கு சுற்று வரை வந்த கதை

எடுத்துக்கொண்ட கேள்வி இது: 1972இல் டிரம்மர் பில் ப்ரூஃபோர்ட், யெஸ் என்ற பிரிட்டிஷ் ப்ராக் (ப்ரோக்ரசிவ் ராக்) குழுவை விட்டு, அதே வகைக் குழுவான கிங் கிரிம்சனுக்குப் போகாமல் இருந்திருந்தால், அடுத்த வருடம் யெஸ் எப்படி ஒலித்திருக்கும்? வாயால் பேசித் தீர்க்கச் சுலபம். காதால் கேட்கிற மாதிரி செய்யப் போனால்தான் எங்கெங்கே இடிக்கிறது என்று தெரிகிறது.

இந்த ஆள் மாற்றத்தை எடுத்ததற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்கச் சரக்கு ஏராளம். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் பதிவு முடிந்த கையோடு ப்ரூஃபோர்ட் கிளம்பிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த ஆலன் வைட்டுக்குப் பாட்டுகளைப் படிக்கக் கிடைத்தது மூன்றே நாள். 1972 ஜூலை 30 அன்று டல்லஸ் மேடையில் உட்கார்ந்துவிட்டார். 1973இல் வந்த 'யெஸ்ஸாங்ஸ்' நேரடிப் பதிவில் 'பெர்பெச்சுவல் சேஞ்ச்', 'லாங் டிஸ்டன்ஸ் ரன்அரவுண்ட்', அதோடு ஒட்டி வரும் 'தி ஃபிஷ்' ஆகியவற்றில் மட்டும் ப்ரூஃபோர்ட், மற்றதெல்லாம் வைட். அதைவிடப் பெரிய புதையல் 2015இல் வந்த 'ப்ராஜெனி' பெட்டி: 1972 கடைசியில் நடந்த ஏழு கச்சேரிகள், 14 சிடி. ஒரே பாட்டு, ஒரே ஆள், ஏழு இரவு. ஏழிலும் மாறாமல் வருகிற அடி வைட்டின் கைப்பழக்கம். ஓர் இரவில் மட்டும் வருவதை அந்த இரவின் கணக்கில் எழுதிவிடலாம். மற்ற பெரிய ப்ராக் குழுக்களில் இப்படி ஒரு வசதி கிடைப்பது அபூர்வம்.

ஆள் மாற்றிப் பார்ப்பதைக் குழுக்காரர்களே செய்ததுண்டு. 1991இல் வந்த கிங் கிரிம்சனின் 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' தொகுப்பில் அந்தக் குழுவின் கிட்டார்காரர் ராபர்ட் ஃப்ரிப், 'கேடன்ஸ் அண்ட் கேஸ்கேட்' பாட்டில் கார்டன் ஹாஸ்கலின் குரலை எடுத்துவிட்டு ஏட்ரியன் பெலுவைப் பாடவைத்தார். 'பொலேரோ'வில் டோனி லெவினின் பேஸை ஏற்றினார். யெஸ்ஸும் 2011 ஆல்பமான 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்' இசையின் மேல் பெரும்பாலும் குரலை மட்டும் மாற்றி, ட்ரெவர் ஹார்னைப் பாடவைத்து 2018இல் மறுபடி வெளியிட்டது. இரண்டையும் பழையதும் புதியதுமாக மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும். முடிந்துபோன இசையின் மேல் புது ஆளை ஒட்டினால் அவருடைய தொனி தெரியும். அவர் இருந்திருந்தால் பாட்டே எப்படி அமைந்திருக்கும் என்பது தெரியாது. இது தலையில் ஏறாமல் போனதால்தான் முதல் சுற்று வீணானது.

முதல் சுற்று

திட்டம் எளிமையானது. 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' (1973) என்ற நான்கு பக்க இரட்டை இசைத்தட்டின் முதல் பக்கத்திலிருந்து 4/4இல் நிற்கும் 16 பார் எடுப்பது, வைட்டின் டிரம்ஸை உருவிவிட்டு ப்ரூஃபோர்ட் பாணி டிரம்ஸை வைப்பது. பார் என்பதை ஓர் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். கருவிகள்: ஒலித்தொகுப்புக்கு ரீப்பர் மென்பொருள், கலந்த பாட்டிலிருந்து வாத்தியங்களின் ஒலி பிரிக்க டெமக்ஸ், தனித்தனி அடியாகப் பதிவான ஒரு டிரம்ஸ் சாம்பிள் தொகுப்பு. மூலம் சிடியிலிருந்து எடுத்த வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3யைப் பிரித்தால் ஹை-ஹாட்டும் சிம்பலும் தண்ணீரில் அலசிய மாதிரி சலசலக்கும்.

டெமக்ஸ் நான்காகப் பிரித்துத் தரும்: குரல், டிரம்ஸ், பேஸ், மீதி. ஆறாகப் பிரிக்கும் மாடலும் உண்டு, ஆனால் அதில் பியானோ தேறாது. யெஸ்ஸில் முதலில் மாட்டுவது கிறிஸ் ஸ்க்வையரின் பேஸ். ரிக்கன்பேக்கர் கிட்டார், விரலுக்குப் பதில் பிளெக்ட்ரம் என்ற சுண்டுவில்லை, மேல் ஸ்தாயியில் கரகரப்பு. இதைப் பேஸ் என்று மெஷின் முழுசாக நம்புவதில்லை. அடிவயிற்று ஒலியைப் பேஸ் ட்ராக்கில் போட்டுவிட்டு, கம்பியைச் சுண்டும் சத்தத்தை 'மீதி'யிலும் கொஞ்சத்தை டிரம்ஸிலும் தூவிவிடுகிறது. டிரம்ஸ் ட்ராக்கை அணைத்தால் பேஸின் பல்லும் சேர்ந்து போய்விடும். செய்யக்கூடியது ஒன்றுதான்: டிரம்ஸ் ட்ராக்கை முழுக்க அணைக்காமல் ஸ்னேர், கிக் விழும் இடங்களில் மட்டும் வெட்டி எடுப்பது. 16 பாருக்கு இது ஒரு மாலை வேலை. கட்டையை அழுத்தினால் டேப்பில் பதிந்த ஒலியை ஓட்டும் கீபோர்டான மெலோட்ரானின் கோரஸ் டேப், குரல் ட்ராக்குக்குள் நுழைவதும் வழக்கம். அது பெரிய தொல்லை இல்லை, இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டால் போதும்.

அடுத்தது வேகம். காதில் தாளம் காட்டும் கிளிக் ஒலி இல்லாமல் வாசித்தது, பாருக்குப் பார் இழுபடும். மென்பொருளின் தாளக் கட்டத்தைப் பாட்டுக்கு இசைய வளைக்க வேண்டும், பாட்டைக் கட்டத்துக்கு இசைய வளைக்கக் கூடாது. ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் ஒரு டெம்போ குறி வைத்துக்கொண்டு போவதே சரியான வழி. நான்கு பாருக்கு ஒரு குறி போதும் என்று விட்டால், நடுவில் புது ஸ்னேர் பேஸோடு சேராமல் இரட்டை அடியாகக் கேட்கும்.

இத்தனையும் சரிசெய்து கேட்டபோது கிடைத்தது, வைட்டின் பாட்டில் யாரோ ப்ரூஃபோர்ட் மாதிரி மிமிக்ரி செய்வது. அதைத் தூக்கிப் போட்டாயிற்று.

இரண்டாம் சுற்று

அடிகளைப் புதிதாக எழுத ப்ரூஃபோர்டின் கையைப் படிக்க வேண்டும். 1973 கேள்வி என்பதால் 1973 ப்ரூஃபோர்டை எடுப்போம் என்று கிரிம்சனின் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்', அடுத்த வருடத்து 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' இரண்டிலிருந்தும் குறிப்பெடுத்தது பெரிய பிசகு. அந்தக் கை கிரிம்சனில் பழுத்த கை. அங்கே பக்கத்தில் ஜேமி ம்யூர் இருந்தார். தகடு, சங்கிலி, கையில் கிடைத்த எல்லாவற்றையும் தட்டுகிற தாளக்காரர். ப்ரூஃபோர்ட் மீது அவருடைய தாக்கம் பெரிது. யெஸ்ஸிலேயே தங்கிவிட்ட ப்ரூஃபோர்ட் ம்யூரோடு வாசித்திருக்கவே மாட்டார். அப்படியானால் அந்தக் குறிப்புகளில் பாதி செல்லாது.

ஆகவே தேதிக்கோடு: 1972 நடுப்பகுதி. அதற்கு முன்னால் உள்ளது மட்டும் செல்லும். 'தி யெஸ் ஆல்பம்', 'ஃப்ராஜைல்', 'க்ளோஸ் டு தி எட்ஜ்', 'யெஸ்ஸாங்ஸி'ல் அவர் வாசித்த பகுதி, அவ்வளவுதான். 'ஃப்ராஜைலி'ல் அவர் பெயரிலேயே உள்ள 'ஃபைவ் பெர் சென்ட் ஃபார் நத்திங்' வெறும் 35 வினாடி. ஆனால் அவர் மனசு எந்தப் பக்கம் இழுத்தது என்று காட்ட அது போதும். 1989இல் யெஸ்ஸின் பாடகர் ஜான் ஆண்டர்சன், கீபோர்டு ரிக் வேக்மன், கிட்டார் ஸ்டீவ் ஹௌவோடு சேர்ந்து பழைய யெஸ் பாட்டுகளை வாசித்தாரே என்று அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. அது எலக்ட்ரானிக் டிரம்ஸ் காலத்துக் கை.

இறுக்கமாக ஏற்றிய ஸ்னேர், ஓரத்தோடு சேர்த்து அடிக்கும் 'டங்' ஒலி, ஒலியை அமுக்க எதுவும் ஒட்டாதது: இதெல்லாம் சாம்பிளிலேயே கிடைக்கும். கனம்தான் கவனம். எல்லா அடிக்கும் அழுத்த எண் 100 என்று வைத்தால் தையல் மெஷின். அழுத்த அடி 112–120, நடுவில் வருடிப்போகும் சின்ன அடிகள் 28–40 என்று வைத்தபோது ஆள் தெரிய ஆரம்பித்தார். ஸ்னேரை 8 மில்லிசெகண்டு முன்னால் தள்ளினால் துள்ளல் கூடும். 15ஐத் தாண்டினால் பேஸோடு பிசிறடிக்கும்.

மூன்றாம் சுற்று

பழைய ஒலியைத் தொடாமல், அதே இலக்கணத்தில் 16 பார் புதிதாக எழுதியது இங்கேதான். வேகம் நிமிடத்துக்கு 96 அடி. முதலில் வைட் பாணியில் ஒன்று, பிறகு அதே ராகத்துக்கு ப்ரூஃபோர்ட் பாணியில் ஒன்று. ஒரே ஒரு பாரை விரித்துக் காட்டினால் சிக்கல் புரியும்.

ஒரு பாருக்கு 16 கட்டம். வாயால் நான்கு 'தகதிமி'. வைட் மாதிரியில் கிக் 1, 9. ஸ்னேர் 5, 13. எல்லாம் 'த'வில் விழுகிறது. பேஸ் 1இல் கிக்கோடு சேர்ந்து இறங்கி, 7, 11, 15இல், அதாவது 'தி'யில், டிரம்ஸ் விட்ட இடைவெளியில் பேசுகிறது. ஒருவர் மேல் ஒருவர் ஏறுவதில்லை. அந்த ஆல்பத்தின் நீளமான பகுதிகளுக்குத் தேவையான தரை இது. வைட்டைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ப்ரூஃபோர்ட் மாதிரியில் ஸ்னேர் 5இல் நிற்கிறது. இரண்டாவது ஸ்னேர் 13க்குக் காத்திருக்காமல் 11இலேயே விழுகிறது. கிக் 1, 14. இப்போது 11இல் பேஸும் ஸ்னேரும் ஒன்றாக விழுகின்றன. இரண்டுக்கும் பல் ஒரே இடத்தில், 2–4 கிலோஹெர்ட்ஸில் இருப்பதால் பேஸ் காணாமல் போகிறது. 13 வெறுமையாகிவிடுகிறது. கேட்பவர் எதிர்பார்த்த இடத்தில் ஆள் இல்லை.

பேஸை 10க்கு இழுத்துப் பார்த்தால் கால் தடுக்கிய மாதிரி இருக்கிறது. 13க்குத் தள்ளியபோது பூட்டு திறந்தது: டிரம்ஸ் விட்ட அடியைப் பேஸ் அடிக்கிறது. ஆனால் கிட்டார் அங்கே நீட்டிக்கொண்டிருந்தால் அது கேட்காது, ஆகவே கிட்டாரை 12இல் வெட்ட வேண்டியிருந்தது. கிட்டார் வெட்டினால் அடியில் ஓடும் மெலோட்ரான் அம்மணமாகிறது. மெலோட்ரானில் ஒரு கட்டையின் டேப் சுமார் 8 வினாடிதான் ஓடும். 96 வேகத்தில் ஒரு பார் 2.5 வினாடி, மூன்று பார் பிடிக்கலாம், நான்காவதில் ஒலி நின்றுவிடும். இன்றைய சாம்பிள்கள் பல அதைச் சுழலவிட்டு ஏமாற்றிவிடும், அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். அதனால் கோர்வையை (கார்டை) மூன்று பாருக்கு ஒருமுறை மாற்றி எழுதினோம்.

ஒரு ஸ்னேர் அடி இரண்டு கட்டம் முன்னால் போனதற்கு நான்கு வாத்தியமும் மாறியது. டிரம்மர் மாறினால் மற்றவர்கள் அதே பாட்டை வாசித்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளும் கற்பனை எல்லாம் இங்கே விழுந்துவிடும்.

இரண்டு மாதிரிகளையும் ஒப்பிடும்போது ஒலியளவை –18 எல்யுஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) இரண்டிலும் கொண்டுவந்து, வித்தியாசம் 0.5க்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் கூடியதே நல்லதாகத் தோன்றும்.

நான்காம் சுற்று

இதை 20 நிமிடத்துக்கு நீட்டி 'டேல்ஸி'ன் ஒரு பக்கமாக்குவதாகத்தான் திட்டம். நீட்டுவதற்கு முன் நோட்டில் மூன்று பத்தியாகக் கணக்கு எழுதியதில் திட்டமே கவிழ்ந்தது. முதல் பத்தி ஆள், இரண்டாவது அவர் பாட்டுக்குக் கொடுத்தது, மூன்றாவது அவர் மூலமாக உள்ளே வந்தவர்கள். இந்த மூன்றாவது பத்தியை யாரும் எழுதுவதில்லை.

1973 மார்ச்சில் ப்ரூஃபோர்டின் கல்யாண விருந்து. அங்கே ஜான் ஆண்டர்சன் ஜேமி ம்யூரைச் சந்திக்கிறார். ம்யூர் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' பற்றிச் சொல்கிறார். அதில் சாஸ்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நான்காகச் சொல்லும் அடிக்குறிப்பு ஒன்று ஆண்டர்சனைப் பிடித்துக்கொள்கிறது. அடிக்குறிப்பிலிருந்து 80 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஆல்பம், பக்கத்துக்கு ஒரு சாஸ்திரமாக.

ப்ரூஃபோர்ட் கிரிம்சனுக்குப் போகாவிட்டால் அவர் கல்யாணத்துக்கு ம்யூர் எதற்கு வருகிறார்? ம்யூர் இல்லாவிட்டால் அந்த அடிக்குறிப்பு அந்த வருடம் ஆண்டர்சன் கண்ணில் படுவதற்கு வழியில்லை. ஆக, 'ப்ரூஃபோர்ட் வாசித்த டேல்ஸ்' என்பது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கேள்வி. சங்கிலி அதோடு நிற்கவும் இல்லை. ரிக் வேக்மனுக்கு ஒவ்வாமல் போனது அந்த ஆல்பம், 1974இல் விலகினார். ஆல்பம் இல்லையென்றால் அவர் இருக்கிறார், அவர் இடத்துக்கு வாங்கெலிஸோடு ஒத்திகை பார்க்க அவசியமில்லை, கீபோர்டுக்குப் பேட்ரிக் மோரஸ் வருவதில்லை, அவர் வாசித்த 'ரிலேயர்' ஆல்பம் இல்லை.

எது மிஞ்சுகிறது? நீளம் மிஞ்சும். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' தலைப்புப் பாட்டு ப்ரூஃபோர்ட் இருக்கும்போதே 18 நிமிடத்தைத் தாண்டியது. நீளத்துக்கு வைட்டைப் பொறுப்பாக்க முடியாது. அட்விஷன் ஸ்டுடியோவில் துண்டு துண்டாகப் பதிந்து டேப்பை வெட்டி ஒட்டிய முறையும் மிஞ்சும். நான்கு பக்க ஆல்பம் என்பது மட்டும் மிஞ்சாது.

அதனால் இப்போது ஓடுவது வேறு பாட்டு: 9 நிமிடம், 14 துண்டு, துண்டுக்கு 20 முதல் 50 வினாடி. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக எடுத்து, 10–15 மில்லிசெகண்டு தேய்ப்போடு (ஒன்று தேய்ந்து மறைய மற்றது எழும்) ஒட்டுகிறோம். அதைவிட நீட்டித் தேய்த்தால் டேப் வெட்டின் வெடுக்கென்ற மாற்றம் மழுங்கிவிடுகிறது. அறையின் எதிரொலி துண்டுக்குத் துண்டு மாறுவதை அப்படியே விட்டாயிற்று. ஐந்தாம் துண்டும் பதினொன்றாம் துண்டும் இன்னும் உட்காரவில்லை: இரண்டிலும் வேக்மனுக்கு நீண்ட தனிவாசிப்பு, அதன் அடியில் இந்த டிரம்ஸ் சும்மா இருக்க மறுக்கிறது. ஸ்னேரைக் குறைத்தால் ப்ரூஃபோர்ட் போய்விடுகிறார், விட்டால் வேக்மனின் மூக் சிந்தசைசர் கேட்பதில்லை. தற்போதைக்கு சிந்தசைசரை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி வைத்திருக்கிறது.

கிரிம்சன் பக்கக் கணக்கை இன்னும் திறக்கவில்லை. அங்கே ஃப்ரிப், ஜான் வெட்டன், டேவிட் கிராஸ், ம்யூர் நால்வர். ம்யூரும் 1973 தொடக்கத்திலேயே விலகியவர். டிரம்ஸுக்கு ஆள் பார்க்க வேண்டும்.