கோலாரிபெட்டாவுக்கு அனுமதி கிடைத்தது

அப்பா குந்தா மின்திட்டத்தில் வேலை பார்த்தவர். நானும் தம்பியும் எமரால்டில் மின்வாரியக் குடியிருப்பில்தான் வளர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்தால் கோலாரிபெட்டா உச்சிக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். யாரிடமும் கேட்டதில்லையாம். நீலகிரியில் தொட்டபெட்டாவுக்கு அடுத்த உயரம் அதுதான். சில மீட்டர்தான் குறைவு. தொட்டபெட்டா உச்சிவரை காரில் போகலாம். இது கால்நடையாக மட்டும்.

1982-இல் அந்தப் பகுதி சரணாலயம் ஆனது. 1990-இல் முக்குருத்தி தேசியப் பூங்கா. அதற்கப்புறம் நினைத்தபடி ஏற முடியாது. இப்போது கோவையில் இருக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி, இனி ஏற முடியாது. அவர் சொன்ன இடத்தை அவர் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

முதல் முயற்சி சில வருடங்களுக்கு முன்பு. வெள்ளைத்தாளில் மனு எழுதி எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனேன். ஒரு அலுவலகத்தில் இங்கே இல்லை என்றார்கள், இன்னொன்றில் அதிகாரி முகாமில் இருக்கிறார் என்றார்கள். கடைசியில் ஒரு வனவர் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். தேசியப் பூங்காவுக்குள் போக 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா என்று எதற்காகப் போகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. “உங்க அப்பா காலம் வேறம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மனுவைக் கொடுக்காமலே திரும்பினேன்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது. பட்டியலில் ‘அவலாஞ்சி - கோலாரிபெட்டா’ இருந்தது, கடினம் என்ற பிரிவில். தம்பி உடனே கூப்பிட்டான்: “அக்கா, உங்க மலை வந்துடுச்சு!”

ஆனால் நாங்கள் பதிவு செய்ய உட்காரும்போது பிப்ரவரி ஆகிவிட்டது. காட்டுத்தீ காலம் என்று ஏப்ரல் நடுவரை எல்லாப் பாதைகளையும் மூடிவிட்டார்கள். குரங்கணி நடந்ததும் அந்தப் பருவத்தில்தான் என்பதால் எனக்கு இதில் மனக்குறை இல்லை. அப்புறம் தென்மேற்குப் பருவமழை. அவலாஞ்சி மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த இடம் அது. ஒருமுறை பதிவு செய்து, மழை எச்சரிக்கையால் அது ரத்தாகி, டிசம்பருக்குத் தேதி கிடைத்தது. ஆக, போக நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. வருடத்தில் நமக்கு மிஞ்சும் மாதங்கள் கொஞ்சம்தான்.

பெயர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆதாரில் என் இனிஷியல் அப்பா பெயர். தம்பி பதிவு செய்தபோது என் கணவர் இனிஷியலைப் போட்டுவிட்டான். அவலாஞ்சியில் அடையாள அட்டை பார்த்த பணியாளர் நிறுத்திவிட்டார். மற்றவர்கள் எல்லாம் கிளம்பத் தயாராக நிற்க, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, பையில் வாக்காளர் அட்டை இருந்தது. அதில் கணவர் பெயர். அதைக் காட்டி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே போக அரை மணி நேரம் ஆனது. கல்யாணமான பெண்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். எந்த அட்டையைக் கையில் கொண்டுபோகப் போகிறோமோ, அதில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பதிவு செய்ய வேண்டும்.

காரில் வருகிறவர்களுக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸும் வேண்டும். மலையேற்ற அனுமதி வேறு, இது வேறு. நான் அரசுப் பேருந்தில் வந்ததால் எனக்குத் தேவைப்படவில்லை. கோவையிலிருந்து காரில் வந்த தம்பி முந்தின நாளே எடுத்துவைத்திருந்தான். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்தான். பிளாஸ்டிக் பாட்டில் மாவட்டத்துக்குள்ளேயே கூடாது.

வழிகாட்டியாக வந்த அண்ணன் பக்கத்து ஊர்க்காரர். நாங்கள் பேசிக்கொண்டே நடந்தால் திரும்பிப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்துவார், எல்லோரும் அமைதியாகிவிடுவோம். சோலைக்குள் ஈரமும் இருட்டும். அதைத் தாண்டி மேலே வந்தால் ஒரே புல். காலை உறைபனியில் புல் வெள்ளையாகக் கிடந்தது, மிதித்தால் நொறுங்கியது. ஏற்றம் மூச்சு வாங்கியது. நான் நாலைந்து இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறை விளிம்பில் ஏழு வரையாடுகள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் சேர்த்தே 1,031தான். ஒரு கிடா எங்களைப் பார்த்தபடியே நின்றது. குட்டியைத் தள்ளிக்கொண்டு மற்றவை சரிவில் இறங்கிய பிறகுதான் அது நகர்ந்தது. யாரும் செல்போனை எடுக்கவில்லை. உச்சியில் காற்று நிற்கவிடவில்லை. கீழே அணைத் தண்ணீர் மேகத்துக்கு நடுவே தெரிந்தது. எமரால்டு குடியிருப்பு எந்தப் பக்கம் என்று தம்பியும் நானும் ரொம்ப நேரம் தேடினோம்.

இறங்கும்போது அந்த அண்ணன் வழியில் முளைத்திருந்த சீகை (புல்வெளியை மூடிவிடும் ‘வாட்டில்’ என்ற வெளிநாட்டு மரம்) நாற்றுகளைக் குனிந்து குனிந்து வேரோடு பிடுங்கிக்கொண்டே வந்தார். நானும் கை வைக்கப் போனேன். “வேண்டாம்மா, எதையும் தொடக் கூடாதுன்னு உங்க அனுமதியில இருக்கு. இது எங்க வேலை” என்றார்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். வரையாடு பார்த்தாயா என்று கேட்பார் என்று நினைத்திருந்தேன். “மேலே இன்னும் புல்லு இருக்கா, இல்ல சீகை ஏறிடுச்சா?” என்றார். உச்சியில் புல்தான் அப்பா, சீகை கீழேதான் நிற்கிறது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்த அண்ணன் எந்த ஊர் என்று கேட்டார்.