ராயக்கோட்டை ஓவியம் விலைக்கு வந்தால்

தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள் வெயில் மழை கண்டவை. 200 வயதுக் காகிதத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. பழைய ஓவியத்தை அருங்காட்சியகத்துக்கு வாங்கும்போதே கவனமாக இருக்க வேண்டும்.

1792இல் பாரமகால் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இப்பக்கம் வந்து ராயக்கோட்டை, ஓசூர், ஜெகதேவிக் கோட்டைகளை வரைந்தார்கள். 1801இல் அவை லண்டனில் செப்புத்தகட்டு அச்சாக வெளிவந்தன. அந்த அச்சுக்குக் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். குழப்பமே அதில்தான்: பலர் அச்சை மூல ஓவியம் என்றே நம்பி விற்கிறார்கள்.

10 மடங்கு லென்ஸில் வண்ணத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் நிழலைப் பாருங்கள். தகட்டில் தூவிய பிசின் துகளைச் சுற்றி அமிலம் அரித்திருப்பதால், அச்சில் பொடி வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றி வலை போல மை தெரியும். தூரிகைப் பூச்சில் வலை இருக்காது; காய்ந்த ஓரத்தில் நிறம் தேங்கிக் கோடாகும். அச்சென்றால் ஓரத்தில் தகடு அழுந்திய தடம் இருக்கும்; அது இல்லையே என்று ஏமாறாதீர்கள், ஓரத்தை வெட்டியிருப்பார்கள். நீர்க்குறியில் (வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தாளுக்குள் தெரியும் குறி) 1801 என்றிருந்தால் அது 1792இல் கோட்டையெதிரே வரைந்த தாளே அல்ல.

சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டாதவரை விலை பேசவே கூடாது. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பில் வானம் நீலமாகவும் வெளியே இளஞ்சிவப்பாகவும் இருந்தால், அது அந்திவானம் இல்லை. வெளிச்சம் அவுரி நீலத்தைத் தின்றுவிட்டது, கூடக் கலந்த செம்மண் நிறம் மட்டும் மிச்சம். போனது திரும்பாது. செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விடுங்கள். லேமினேஷன் செய்ததை வாங்கவே வேண்டாம்.

100 வருடம் தாண்டியது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். விற்கும் வியாபாரிக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள்.

காட்சியில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், மூன்று மாதம் போதும்; பிறகு அமிலமற்ற பெட்டியில் இருட்டு. ஐப்பசி மழையில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஆபீஸ் நேரத்தில் மட்டும் ஏசி ஓடுவது இன்னும் கெடுதல், ஈரம் ஏறி இறங்கித் தாள் நெளியும். வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை பீரோ நல்லது.

பதிவேட்டு எண்ணைப் பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவும் ரப்பர் ஸ்டாம்பும் முன்பக்கம் ஊறிவிடும்.